வடிந்த பிறகும் நிற்கும் தண்ணீர்

ஏப்ரல் 4

தங்கைக்கு,

நீ அந்த வார்த்தையைச் சொன்னபோது பேருந்து நிலையத்தில் இருந்தவர்கள்: நான். உன் அத்தான், கையில் தண்ணீர்ப் போத்தலோடு. கீழ்வீட்டுத் தையற்காரம்மா. அவருடைய மருமகள், அதாவது இந்நேரம் இந்தத் தெரு முழுவதும். உன் மகள் பொடிசு, ஜன்னல் ஓரத்தைப் பிடித்து உட்கார்ந்தபடி. சீட்டுக் கிழிக்கிற ஆள். சாமி எல்லா இடத்திலும் இருப்பதால் அவரையும் சேர்த்துக்கொள். இத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷம் பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிக்கா" என்றாய்.

நன்றி. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் சாவியை நீட்டும்போது சொல்வது அது. உன் வீட்டுக்காரர் இறந்துபோன அந்த வருஷம், "சதுப்புல வேலை கெடச்சிருக்குக்கா, அங்க குழந்தைய வச்சிக்க முடியாது" என்று மூன்று வயதில் கொண்டுவந்து என் இடுப்பில் ஏற்றினாய். இன்று அவள் என்னைவிட உயரம். நடுவில் நடந்ததெல்லாம் நன்றி சொல்லிக் கழிக்கிற காரியமா? நமக்குள் அந்த வார்த்தை எப்போது குடிவந்தது?

போனில் கேட்டிருப்பேன். போன தடவை நீ பாதியில் வைத்தாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

அவள் பையில் வைத்தவை: உள்ளாடை ஆறு ஜோடி, துண்டு இரண்டு, சீப்பு, மாதாந்திரத் துணிகள், இருமல் மருந்து, சாமி படம் ஒன்று, தைத்த இடம் உள்பக்கம் தெரியாத நீலச் சட்டை. நீலச் சட்டையைச் சேற்றில் இறக்காதே. இன்னொன்று. அவளுடைய இடது காதில் தண்ணீர் போனால் சீழ் வைக்கும். பஞ்சை எண்ணெயில் நனைத்துக் காதில் வைத்துவிட்டுத்தான் தண்ணீருக்குள் விட வேண்டும். இது உனக்குத் தெரிய நியாயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

விடுமுறை முடிவதற்குள் அனுப்பிவிடு.

உன் அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

சொன்னது தப்புதான். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அந்த ஆள் சீட்டை என் கையில் திணித்தார். நீ என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்தாய். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் எழுது, அடுத்த தடவை அதைச் சொல்கிறேன்.

பொடிசு நன்றாக இருக்கிறாள். முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, யாரோ அழுகின முட்டையக் கொட்டிட்டாங்க" என்றாள். "யாரும் கொட்டலடி, சேறே அப்படித்தான் மணக்கும்" என்றேன். "ஓ, வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்கிட்ட வர்ற வாசனை இதானா? நான் உன் சோப்புன்னுல்ல நெனச்சேன்" என்றாள். என் அறையில் இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் சதுப்பு. அவள் ஜன்னல் பக்கக் கட்டிலை எடுத்துக்கொண்டாள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை. அவள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன்.

இங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உப்புச் சதுப்பு. ஒன்று ஆதியிலிருந்து இருப்பது, யாரும் கை வைக்காதது. இன்னொன்றை எந்தக் காலத்திலோ சுவர் எழுப்பிக் கடலை வெளியே தள்ளி மாடு மேய்த்திருக்கிறார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுவரை வெட்டிக் கடலைத் திரும்ப உள்ளே விட்டோம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிக் கடல் பெரிதாக ஏறும்போது தண்ணீர் ஓடைகள் வழியாக வந்து உமரிச் செடிகளுக்குள் பரவும். அதோடு கடலில் பொரித்த குஞ்சுகளும் வரும். மடவை, கொடுவா, விரல் நகம் அளவில். பெரிய மீன் அந்த ஆழமில்லாத இடத்துக்குள் வர முடியாது. செடிக்குள் ஒளிந்துகொண்டு, புழுவையும் கூனி இறாலையும் தின்று, தண்ணீர் வடியும்போது வெளியே போகும். அடுத்த ஏற்றத்தில் திரும்ப வரும். உடம்பில் தெம்பு வந்தபின் கடலோடு போய்விடும். நாங்கள் ஏற்றம் முடிகிற நேரத்தில் ஓடை வாயில் வலை கட்டுவோம். வடியும்போது வெளியே வருவதெல்லாம் வலைக்குள் சேரும். எண்ணி, நீளம் பார்த்து, திரும்ப விட்டுவிடுவோம். கடல் கைவிட்ட நிலத்துக்குத் திரும்ப வந்தால் மீனும் திரும்ப வருமா என்பதுதான் கேள்வி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஊருக்குள் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. ஜூனில் சேர்க்கை. அவளை என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அங்கே பள்ளியில் பாதுகாவலர் என்று உன் பெயர்தான் இருக்கிறது. உன் கையெழுத்து இல்லாமல் மாற்றுச் சான்றிதழ் தரமாட்டார்கள். நிதானமாக யோசித்துச் சொல்.

தங்கை


ஏப்ரல் 19

தங்கைக்கு,

நிதானமாகத்தான் யோசித்தேன். நூலகத்துக்குப் போய் யோசித்தேன். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள் என்றாலும், எழுத்துக் கூட்டியே பாதி அலமாரியை முடித்திருக்கிறேன், உனக்குத் தெரியும். சதுப்பு நிலம் பற்றி இருப்பதையெல்லாம் கேட்டதும் நூலகக்காரப் பெண், "என்னம்மா, போன வாரம் பக்தி, இந்த வாரம் சேறா?" என்றாள். "ரெண்டும் ஒண்ணுதாம்மா, முங்கினாத்தான் தெரியும்" என்றேன். சொன்னேனே தவிர, மூன்று புத்தகத்தையும் என்ன எண்ணத்தில் சுமந்துவந்தேன் என்று சாமிக்குத் தெரியும். அவள் திரும்பி வந்து மீனைப் பற்றிப் பேசினால் எனக்கும் பேசத் தெரிய வேண்டும். உனக்கு மட்டும் தெரிந்த ஒன்று அவளுக்கும் எனக்கும் நடுவில் இருக்கக் கூடாது.

படித்ததில் ஒன்று தெரிந்தது. மீன் உன் சதுப்பில் குடியிருப்பதில்லை. ஏறும் தண்ணீரோடு வரும், இறங்கும் தண்ணீரோடு போகும். விடுமுறைக்கு வருகிற பிள்ளை மாதிரி. அதை வைத்துக்கொண்டு "என்னிடம் வந்துவிட்டது" என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று. மீன் ஓர் இடத்துக்குப் போகிறது என்பது வேறு, அங்கே அதற்கு வயிறு நிறைகிறது என்பது வேறு. வலையில் எண்ணுகிறாயே, வயிற்றைப் பார்த்தாயா? பழைய சதுப்பில் எவ்வளவு தின்கிறது, நீ சுவரை வெட்டி நாலு வருஷத்தில் உண்டாக்கியதில் எவ்வளவு தின்கிறது? ஒளிவு மறைவு இல்லாமல் எழுது.

பொடிசு போட்ட கடிதம் வந்தது. இரண்டு பக்கம். "அம்மா" என்று பதினோரு இடத்தில் இருக்கிறது. அம்மா வலை கட்டினாள், அம்மா விழுந்தாள், அம்மா சிரித்தாள். "பெரிம்மா" கடைசி வரியில், "உடம்பைப் பாத்துக்கோங்க"வுக்கு முன்னால். பெத்த மனம் பித்து என்பார்கள். வளர்த்த மனத்துக்கு ஒரு பழமொழிகூட இல்லை.

கையெழுத்துப் போடமாட்டேன். அத்தான் கேட்டதற்கும் இதையே சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். அவருக்கு எல்லாமே என் இஷ்டம்தான், தூக்கம் மட்டும் அவர் இஷ்டம்.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

வயிற்றைப் பார்த்தோம். நீ கேட்பதற்கு முன்பே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் தின்றதைக் கக்கிவிடும். மீன் சாகாது, கோபித்துக்கொண்டு போகும். உன் மகள், அதாவது என் மகள், இதைப் பார்த்துவிட்டு, "பெரிம்மாவுக்குத் தெரிஞ்சா சாப்பிட்டதக் கக்க வைக்கறது பாவம்னு ஒங்களுக்கெல்லாம் ஒரு நாள் பட்டினி போடுவாங்க" என்றாள். வலைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பழைய சதுப்பிலிருந்து வரும் குஞ்சுக்கு வயிறு முக்கால் நிறைந்திருக்கிறது. கூனி, புழு, சின்ன நத்தை. புதியதிலிருந்து வருவதற்கு அரை வயிறுதான். சேறு இன்னும் மாடு மிதித்த கெட்டியோடு இருக்கிறது, அதற்குள் புழு இறங்க நாள் பிடிக்கும். செடி திட்டுத் திட்டாகத்தான் வந்திருக்கிறது. எண்ணிக்கையும் குறைவு. பழைய ஓடையில் பத்து என்றால் புதியதில் ஆறு. இதோ, ஒளிவு மறைவு இல்லாமல் எழுதிவிட்டேன். சந்தோஷமா?

இதையே இந்த வேலைக்குப் பணம் தருகிற வாரியத்துக்காரர்களும் கேட்கிறார்கள். மே கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். மீன் இல்லை என்றால் அடுத்த சுவரை வெட்ட மாட்டார்கள், இந்த வேலையும் நிற்கும், இந்த அறையையும் காலி செய்ய வேண்டும். அப்புறம் எந்த வீட்டைக் காட்டி மகளை என்னோடு வா என்று சொல்வேன்?

நீ புத்தகம் படித்துப் புதியது பழையது என்று எழுதுகிறாய். நம் இரண்டு பேரில் யார் புதியது? பெற்றவள் நான், ஆதியிலிருந்து இருப்பது நான் என்று எண்ணித்தான் அவளைக் கூட்டிவந்தேன். வந்த பிறகு பார்க்கிறேன், அவளுக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சுவரை வெட்டித் திறந்துவிட்டு, வருமா வருமா என்று வாசலில் நிற்பது நான்தான். நிறைந்த வயிறோடு வந்திருக்கிறாள். அது உன் வீட்டுச் சாப்பாடு. இதை நான் எழுதித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா?

தங்கை


மே 3

தங்கைக்கு,

நீ அப்படி எழுதியதும் எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. பத்துக்கு ஆறு என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

விளக்கேற்றிவிட்டு நின்றபோது வாய் தானாக வேண்டிக்கொண்டது. அந்தப் புது ஓடைக்கு மீன் வரக் கூடாது சாமி என்று. அரிசி, பருப்பு, அத்தான் முழங்கால், பொடிசின் படிப்பு என்று கேட்டுக் கேட்டுப் பழகிய அதே வாய். நாக்கு கூசவில்லை. நாலு நாளாக இது நடக்கிறது. தையற்காரம்மா, "என்னம்மா, முன்ன விட நேரமாயிடுது பூஜை?" என்றார். "வேண்டுதல் கொஞ்சம் தூரத்துல இருக்குங்க, போய்ச் சேர நேரமாகுது" என்றேன்.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் நிறுத்தவில்லை. உன்னிடம் சொல்லாமல் செய்தால் முதுகில் குத்தியதாகும். அதனால் எழுதுகிறேன்.

என்னை அங்கே வந்து பார்க்கச் சொல்கிறாள் பொடிசு. நீ சொல்லிக் கொடுத்ததாக இருக்கும். அந்தச் சேற்றுக்கு நான் வரமாட்டேன்.

அக்கா


மே 13

அக்கா,

வரமாட்டேன் என்று எழுதிய மை காய்வதற்குள் வந்துவிட்டுப் போயிருக்கிறாய்.

எங்கள் காவல்காரரை நாங்கள் கொக்கு அண்ணன் என்போம். எப்போதும் ஒரு காலில் நிற்பார். சாயங்காலம் வந்து சொன்னார்: "கொடை பிடிச்சிக்கிட்டு ஒரு அம்மா கரை மேல நின்னாங்க. யாருங்கன்னேன். சும்மா காத்து வாங்க வந்தேன்னாங்க. இங்க யாரு காத்து வாங்க வருவா, மூக்கப் பொத்திக்கத்தான் வருவாங்க. கீழ போய்ப் பாருங்கன்னேன். வேணாம்னுட்டாங்க. போறப்ப திரும்பி வந்து, அந்தப் பொண்ணு எடது காதுல பஞ்சு இருக்கான்னு பாருங்க, எண்ணெய்ல நனச்சு வைக்கச் சொல்லுங்கன்னாங்க. எனக்கென்ன தெரியும், டாக்டரம்மா போலன்னு நெனச்சேன்."

பொடிசு கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். கரை முழுவதும் ஓடி, சாலை வரைக்கும் போனாள். பேருந்து போயிருந்தது. திரும்பி வந்தாள். அறைக்குள் போய் ஜன்னலைச் சாத்தினாள். சாப்பிடக் கூப்பிட்டபோது, "கோவமாப் போயிருந்தாப் பரவால்ல. அழுதுட்டுப் போயிருந்தாங்கன்னா?" என்று கேட்டாள். கேட்டது என்னையா, சுவரையா தெரியவில்லை.

உனக்கு மட்டும்தான் எரிகிறது என்று எண்ணாதே. போன வாரம் வலையைப் பிரிக்கும்போது ஒரு நண்டு அவள் விரலைக் கவ்விவிட்டது. வலித்தால் உலகத்தில் எல்லோரும் "அம்மா" என்றுதான் கத்துவார்கள். பெற்ற அம்மா பக்கத்தில் நிற்கிறேன், இவள் "பெரிம்மா" என்று கத்தினாள். வலைக்காரர்களில் ஒருவர், "என்ன பாப்பா, வலியிலயும் மொறை மாத்திக் கூப்புடறே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் வலையை அலச வேண்டும் என்று சொல்லித் தள்ளிப் போய், அலசின வலையையே திரும்ப அலசிக்கொண்டு நின்றேன்.

நீ எதற்காக வந்தாய், எதைப் பார்த்துவிட்டுப் போனாய்? அதை மட்டும் எழுது.

தங்கை


மே 19

தங்கைக்கு,

கையோடு கூட்டிவரத்தான் வந்தேன். பேருந்தில் உட்கார்ந்து என்னென்ன பேச வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். நீ ஒன்று சொன்னால் நான் என்ன சொல்வது, நீ அழுதால் என்ன செய்வது, எல்லாம்.

கரை மேல் ஏறினேன். கீழே நீங்கள் இரண்டு பேரும் தொடை ஆழச் சேற்றில் நின்று வலையின் ஆளுக்கொரு முனையை இழுத்துக்கொண்டிருந்தீர்கள். உன் முடி அவிழ்ந்து கண்ணில் விழுந்தது. உன் கை சேறு, அவள் கையும் சேறு. அவள் பக்கத்தில் வந்து, முழங்கையால் உன் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். நீ அதைக் கவனிக்கக்கூட இல்லை. வலையைப் பார்த்துக்கொண்டே தலையைக் கொடுத்தாய்.

எனக்கு அவள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. என் முடி எப்போதும் வாரிக் கட்டியே இருப்பதால் இருக்கலாம். நானும் அவளுக்கு எதையும் செய்ய இடம் வைக்காமல் செய்துவிட்டேனோ என்னவோ. அதை நினைக்க அப்போது முடியவில்லை. கரையிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் இறங்கி வந்திருப்பேன்.

நண்டு கடித்ததைப் படித்தேன். மறைக்க என்ன இருக்கிறது, அந்தப் பத்தியை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். தையற்காரம்மாவுக்கும். அவர் மருமகள் இருக்கும்போது வாசித்தேன், தெருவுக்கும் தெரியட்டும் என்று. அன்று முழுவதும் வேலை லகுவாக நடந்தது. விரல் வீங்கியதா என்று கேட்கத் தோன்றியது மறுநாள்தான். பார்த்துக்கொள், எப்படிப்பட்டவளிடம் உன் பிள்ளை வளர்ந்திருக்கிறாள் என்று.

வீங்கியதா?

அக்கா


மே 27

அக்கா,

வீங்கவில்லை. நகத்தடியில் ஒரு கீறல், ஆறிவிட்டது.

உன் வேண்டுதல் பற்றி ஒரு செய்தி. புதிய ஓடைக்கு மீன் வராமல் இல்லை. வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எங்களுக்கு எண்ணத் தெரியவில்லை.

எங்கள் விதி ஒன்று: இரண்டு சதுப்பிலும் ஒரே வலை, ஒரே முறை. ஓடை வாயில் கட்டு, தண்ணீர் முழுக்க வடியட்டும், வெளியே வந்ததை எண்ணு. பழைய ஓடை வளைந்து வளைந்து போகும், வடிந்தால் அடித்தரை தெரியும், ஒரு குஞ்சும் மிஞ்சாது. புதியதை இயந்திரம் வெட்டியது. நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. வடிந்த பிறகும் அங்கே கலங்கின தண்ணீர் நிற்கும். அதைக் கணுக்கால் ஆழக் குட்டை என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போவோம். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைப்பதுதான் நியாயம் என்று இருந்தோம். அந்த நியாயமே தப்பாகிவிட்டது.

போன ஏற்றத்தன்று பொடிசு சுற்றிப் போகச் சோம்பல்பட்டு நேராக நடந்து, இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டாள். நான் பதறி ஓடினேன். (காதில் பஞ்சு இருந்தது. எண்ணெயில் நனைத்தது.) அவள் அசையாமல் நின்று, "அம்மா, கத்தாத. காலெல்லாம் ஏதோ இடிக்குது" என்றாள். கைவலையை விட்டு அள்ளினோம். முதல் அள்ளலிலேயே மடவைக் குஞ்சு, கொடுவா, உளுவை. அள்ள அள்ள வந்தது. வெளியே போன தண்ணீரோடு போகாமல், அடுத்த ஏற்றம் வரும்வரை அங்கேயே பதுங்கி இருந்திருக்கின்றன. அதையும் சேர்த்தால் பழையதற்குப் பக்கத்தில் வருகிறது. வயிறு இன்னும் அரைதான், அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் இடம் பிடித்துப்போய்த் தங்குகிறது.

எங்கள் ஆராய்ச்சி ஐயா வந்து பார்த்து, நாலு வருஷக் கணக்கின் மேல் "குட்டையைச் சேர்க்காதது" என்று எழுதச் சொல்லிவிட்டார். வாரியம் இன்னும் மூன்று வருஷம் பார்க்கலாம் என்றிருக்கிறது. வேலை இருக்கிறது, அறையும் இருக்கிறது.

ஆகவே இனி மீனை வைத்து நீயும் நானும் பேச வேண்டியதில்லை. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கெஞ்சமாட்டேன். நன்றியும் சொல்லமாட்டேன்.

தங்கை


ஜூன் 2

தங்கைக்கு,

ஒரு வேண்டுதலைத் திரும்பப் பெறுவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. விளக்கேற்றிவிட்டு, "நான் கேட்டத நீங்க காதுல வாங்காததுக்குக் கோவமில்ல" என்று மட்டும் சொன்னேன். அவர் காதிலும் பஞ்சு இருந்திருக்கும்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு பொடிசின் பழைய கடிதத்தை எடுத்தேன். பதினோரு அம்மா, ஒரு பெரிம்மா என்று எண்ணி வைத்தேனே. நானும் வாசலில் வலை கட்டிக்கொண்டு, வெளியே வந்ததை மட்டும் எண்ணியிருக்கிறேன். உள்ளே நின்றதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை. உன் சேற்றிலிருந்து எடுத்து எனக்குப் புத்தி வர வேண்டியிருக்கிறதே என்பதும் ஒரு எரிச்சல்தான்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அந்த முழங்கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சமையலறையில் அவள் உட்காரும் முக்காலியை அத்தான் சாமான் வைக்க எடுத்துப் போனார், நான் திரும்ப வாங்கி வைத்தேன். "ஆளே இல்லாத முக்காலிக்கு என்னம்மா அவசரம்" என்றார்.

நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "அம்மாகிட்டயே போறாளா? நல்லதுதாங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "பொண்ணு என்ன சொல்றா?" என்று கேட்டார்.

அந்த அறையில் சுவர்க்கடிகாரமும் ஓடவில்லை, எதையாவது பார்ப்பதற்கு. ஏப்ரலிலிருந்து நீயும் நானும் எழுதியதை மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். நீ வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன் என்று எழுதினாய். நான் அனுப்பிவிடு என்று எழுதினேன். யார் பழையது, யார் புதியது என்று சண்டை போட்டோம். மீனுக்கு எந்த இடம் பிடிக்கிறது என்று நாலு வருஷம் வலை போட்டுக் கேட்கிறாய், அதன் வயிற்றுக்குள் குழாய் விட்டுக்கூடக் கேட்கிறாய். இவளை நம்மில் ஒருத்தியும் கேட்கவில்லை. நீ கேட்டிருந்தால் எழுதியிருப்பாய். நான் கேட்காதது, பிடிக்காத பதில் வந்துவிடும் என்ற பயத்தில்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். சான்றிதழ் இந்த உறைக்குள் இருக்கிறது. இதை உன்னிடம் கொடுக்கவில்லை, அவளிடம் கொடுக்கச் சொல்கிறேன். அங்கே சேர்ந்தாலும் சரி, எடுத்துக்கொண்டு இங்கே வந்தாலும் சரி. தலைமையாசிரியை பத்தாம் தேதி வரைக்கும் இங்கே அவள் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். எங்கே இருக்க ஆசை என்று அவளைத் தனியாக விட்டு யோசிக்கச் சொல். நீ பக்கத்தில் நிற்காதே, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சமைக்காதே. பதிலை நீ எழுத வேண்டாம். நல்லபடியாகத் திருத்தி எழுதுவாய், எனக்காகவோ உனக்காகவோ. அவள் கையால் எழுதட்டும். ஒரு வரி போதும்.

என்ன பதிலாக இருந்தாலும் படித்துக்கொள்வேன். சீக்கிரம் போடச் சொல்.

அக்கா